ரத்தத்தில் ஒரு எழுத்துப் பிழை

அய்யா,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. ஆனால் நலமாக இல்லை. உன் ஆஸ்பத்திரிப் படிவத்தை நீ அனுப்பிய நாளிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறது, வாய்க்குப் போக மாட்டேன் என்கிறது. "என்ன அத்தான், சோத்துல கோலமா போடுறீக" என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். வருகிற திங்கட்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். உன் உடம்பிலிருந்து செல்களை எடுத்து, அவற்றுக்குள் இருக்கிற மரபணுவை வெட்டி மாற்றி, திரும்ப உனக்கே ஏற்றப் போகிறார்கள். "அப்பா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. போகவா, வேண்டாமா?" என்று கேட்டாய். "பாப்பம்" என்றேன். மூன்று வாரமாகப் பாப்பம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். விருதுநகருக்கு பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் உன் அறைக்கு வந்து நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் ஒரு ஆயுளையே பிழை திருத்திக் கழித்தவன் நான். அடுத்தவர் பிழை என் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால்தான் அந்தப் படிவத்தை எனக்கு அனுப்பி, "தமிழ்ல நிரப்பிருக்கேன்ப்பா, ஒரு தடவ பிழை பாத்துக் குடுங்க" என்றாய். பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, உனக்குத் தமிழ் நன்றாகவே வரும். வேறொரு பிழை இருந்தது. அதற்கு வருகிறேன். அவசரப்படாதே, எனக்கே அதைத் தொட்டு எழுத இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருக்கிறது.

உன் நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொல்லித் தெரிந்ததுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிற வாத்தியாருக்கு அப்பன் ஒரு மக்கு மாணவன். மதுரையில் உனக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், கட்டிலில் படுத்தபடியே பாடம் எடுத்தாய். "ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு எழுத்து வரிசை இருக்குப்பா. மொத்தமே நாலு எழுத்துதான். அதுவே மாறி மாறிக் கோடிக்கணக்குல வரும். அதுல ஒரு பத்திய எடுத்தா அதுதான் ஒரு ஜீன். ஒவ்வொரு ஜீனும் ஒடம்புக்கு ஒரு வேல சொல்லும்" என்றாய். தமிழுக்கே இருநூற்று நாற்பத்தேழு எழுத்து வேண்டியிருக்கிறது, மனுசனுக்கு நாலு போதுமா என்று கேட்டேன். "அந்த நாலுலதான் ஒங்க மூக்கு எனக்கு வந்துருக்கு" என்று சிரித்தாய். ரத்தத்தின் சிவப்பை எப்படிச் செய்வது என்று சொல்கிற பத்தியில் உனக்குப் பிழை. அந்தப் பத்தி எல்லோருக்கும் இரண்டு பிரதி உண்டு. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒன்றில் மட்டும் பிழை இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும், ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்கும் உன் அம்மாவுக்கும் அப்படித்தான். எங்கள் இருவரிடமிருந்தும் பிழையுள்ள பிரதியே ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால் அது தலசீமியா. ஒவ்வொரு முறை கரு தரிக்கும்போதும் நாலில் ஒரு பங்கு அப்படி நடக்கலாம் என்றாய். உனக்கு நடந்தது. எட்டு மாதக் குழந்தையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், அந்த ரத்தத்தோடு வந்து சேருகிற இரும்பை வெளியேற்றத் தினமும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரை. நீ பள்ளிக்கூடம் போனது, கல்லூரி போனது, வேலைக்குப் போனது எல்லாமே அந்த மூன்று வாரத்துக்குள் அடங்கினவை.

உன் அம்மா என் தாய்மாமன் மகள். முறைப்பெண். எங்கள் காலத்தில் அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. மல்லாங்கிணற்றில் மாமா வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும்போதே "ஏம் மருமகன் வந்துட்டான்" என்றுதான் கூப்பிடுவார். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பார்கள். ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பக் கொடுத்து வாங்கினால், ஒரே முன்னோரின் பிழை இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து ஒரு பிள்ளையிடம் வந்து சேர்ந்துகொள்ள வாய்ப்புக் கூடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்படித்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை என்று. அது பொய் அய்யா. ஒருவர் சொன்னார்.

அதைச் சொல்வதற்கு முன், என் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்கிறேன். மரபணுவில் கை வைப்பது என்றாலே நான் முகம் சுளித்ததைப் பார்த்து நீ ஒரு நாள் என்னை மடக்கினாய். காலையில் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொண்டிருந்தேன். "அது எங்கன இருந்து வருதுன்னு தெரியுமாப்பா?" என்றாய். கம்பெனியில் இருந்து என்றேன். மனுசனுடைய இன்சுலின் ஜீனை எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருக்குள் சேர்த்துவிடுகிறார்கள், அது நமக்காக இன்சுலின் செய்து கொடுக்கிறது, முன்னே மாடு, பன்றி வயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றாய். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். இத்தனை வருடமாக எதைக் கண்டு பயந்தேனோ அதைத்தான் தினமும் குத்திக்கொண்டு உயிரோடு இருக்கிறேன். உன் அம்மாவுக்கு அன்றைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் மாமாவின் பருத்தியையும் நான் பார்த்திருக்கிறேன். புழு தின்னாத விதை என்று வந்ததே, மண்ணில் இருக்கிற ஒரு நுண்ணுயிரின் ஜீனைச் சேர்த்தது, அதைக் கரிசலில் போட்டார். முதல் சில வருடம் காய்ப்புழு கிட்டே வரவில்லை. மருந்தடிக்கிற டப்பாவை மூலையில் போட்டுவிட்டார். முன்பெல்லாம் மருந்தடித்துவிட்டு வந்து வாந்தி எடுத்துப் படுத்துக்கிடப்பார், அது நின்றது. நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். பிறகு வேறு பூச்சிகள் வந்தன, சாறு உறிஞ்சுகிறவை. அந்த விதைக்கு அவை பயப்படவில்லை. அதற்கும் பிறகு புழுவிலேயே ஒரு வகை பழகிக்கொண்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வீட்டு விதையை எடுத்து வைக்கிற வழக்கமும் போய் ஒவ்வொரு வருடமும் கடை விதைக்குக் காத்திருந்தார். "மொதல்ல நல்லாத்தான்லே இருந்துச்சு" என்று அவர் சொல்வது இப்போது என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உனக்கும் முதலில் நன்றாக இருக்கும். பிறகு?

என் பயம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் நீ சிரிப்பாய். மணியன் காலண்டரிலிருந்து வருகிறது. அப்போது நீ சின்னப் பிள்ளை. கம்ப்யூட்டர் வந்த புதிது. மணி பாத்திரக் கடை என்று ஒரு ஆர்டர், தினசரி காலண்டர், ஒவ்வொரு தாளிலும் கீழே கடைப் பெயர் வரும். சீசன் நெருக்கத்தில் கடைக்காரர் போன் செய்து, அண்ணன் தம்பி பிரிந்துவிட்டோம், கடைப் பெயரை மணியன் என்று மாற்றுங்கள் என்றார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த கோமதி, "ஒவ்வொரு தாளா மாத்த வேண்டாம் சார், மணின்னு வார எடத்துல எல்லாம் மணியன்னு போடுன்னு ஒரே தடவ சொல்லிட்டாப் போதும், அதுவே தேடி மாத்திரும்" என்றாள். மந்திரம் மாதிரி இருந்தது. நான் நாலைந்து தாளை எடுத்துக் கடைப் பெயரைப் பார்த்தேன். சரியாக விழுந்திருந்தது. ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழு லோடும் அடித்து முடித்த பிறகு, பைண்டிங்கில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தர் வந்து, "யாரு சார் இந்த மணியன்? நல்ல நேரம் காலை ஏழே முக்கால் மணியன் முதல்னு போட்டுருக்கே" என்று கேட்டார். ராகு காலமும் மணியன், எம கண்டமும் மணியன். கீழே பொன்மொழியில் பெண்மணி எல்லாம் பெண்மணியன் ஆகியிருந்தார்கள். வருடம் முழுக்க ஒரு நாள் பாக்கியில்லை. முதலாளி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கேட்ட இடத்தில் சரியாக விழுந்ததா என்று மட்டும் பார்த்தேன். கேட்காத இடத்தில் என்ன ஆனது என்று பார்க்கவில்லை. உன் படிவத்தில் எட்டாம் பக்கத்தில் அதைத்தானே எழுதியிருக்கிறார்கள்? குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப்போய் வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று. அதே மாதிரி வரிசை வேறு எங்காவது இருந்தால் அங்கேயும் வெட்டிவிட வாய்ப்புண்டு. அது எங்கே, என்ன செய்யும், வருங்காலத்தில் புற்றாக மாறுமா என்பது முழுதாகத் தெரியாது, ஆகவே பல வருடம் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் அதைப் பத்துத் தடவை படித்தேன். "அவுக ஒங்கள மாதிரி நாலு தாள் பாத்துட்டு ஓகே போட மாட்டாகப்பா. முடிஞ்ச மட்டும் எல்லாத்தையும் தேடிப் பாப்பாக" என்று நீ போனில் சொன்னாய். இருக்கட்டும். முடிந்த மட்டும் என்ற அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றும் எனக்குக் குழப்பமாக இருந்தது. உன் பிழையை அவர்கள் திருத்தப் போவதே இல்லையாமே. வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் வேறொரு வகைச் சிவப்பு ஓடுமாம். பிறந்த பிறகு ஒரு சுவிட்ச் அதை அணைத்துவிட்டு, பெரியவர்களுக்கான சிவப்பைத் தொடங்கி வைக்குமாம். உன் பெரிய சிவப்புதான் சரியில்லை, குழந்தைச் சிவப்பு நன்றாகவே இருக்கிறது. ஆகவே அணைக்கிற சுவிட்சை வெட்டிவிட்டால் குழந்தைச் சிவப்பு மறுபடி ஊறத் தொடங்கும். பிழையான பத்தி அப்படியே கிடக்கும், வேறொரு பத்தி அதன் வேலையைப் பார்க்கும். இதை யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. செய்துகொண்டவர்களில் பலர் ரத்தம் ஏற்றுவதையே விட்டுவிட்டார்கள் என்று நீ சொன்னபோது உன் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அழத்தான் போனாள். மூன்று வாரக் கணக்கு இல்லாத ஒரு வாழ்க்கையில் நீ எப்படி இருப்பாய் என்று எங்கள் இருவருக்கும் நினைத்துப் பார்க்கவே தெரியவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் உன் எலும்புக்குள் இருக்கிற பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்து கொடுத்து ஒழித்துவிடுவார்கள். புதுச் செல்கள் வேர் பிடிக்கிற வரை உன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று இருக்காது. ஒரு சளி போதும். தனி அறையில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும், நாங்கள் கண்ணாடிக்கு வெளியே. அந்த மருந்தால் பிள்ளை பிறக்கிற வாய்ப்பும் போகலாம் என்பதால் முன்கூட்டியே விந்தணுவை எடுத்துப் பாதுகாத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிற எஸ்தரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறீர்கள். ஜாதகம் என்ற பேச்சு வருவதற்கு முன்னாலேயே, உன் பள்ளிக்கூடத்து டீச்சரான அவள் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து உன்னிடம் காட்டினாள் என்று கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மேல் இல்லை, என் மேல். உனக்குச் செய்கிற மாற்றம் உன் பிள்ளைக்குப் போகாது என்றும் சொன்னாய். "இது அடிச்ச தாளத் திருத்துறதுப்பா. அச்சு பிளேட்டத் தொடல" என்றாய். கருவிலேயே கை வைத்தால் அது பிளேட்டைத் திருத்துகிற மாதிரி, தப்பானால் அதற்குப் பிறகு அடிக்கிற ஒவ்வொரு தாளிலும் தப்பு வரும், அதை யாரும் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், மீறிச் செய்த ஒருவர் ஜெயிலுக்கே போனார் என்றாய். என் பேரப்பிள்ளை வரைக்கும் பயப்படாமல் இருக்க அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

பயம் நமக்குப் புதிதில்லை. உன் அம்மா பட்டாசு ஆலைக்கு வேனில் போய்க்கொண்டிருந்த வருடங்களில், தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் அச்சகத்தில் எல்லா மெஷினும் நின்றுவிடும். எல்லோரும் வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது என்று சுவரில் எழுதியிருப்பதை உன் அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தச் சுவரில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் செத்திருப்பார். உன் படிவத்தில் ஆபத்துகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கிற வரிகளையும் நான் அப்படித்தான் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு முகம் தெரிகிற மாதிரி இருந்தது.

இனி தள்ளிப்போட முடியாது. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், "உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அதுதான் பிழை. பிழை உன்னுடையது இல்லை. உனக்கு முன் பிறந்து நாலரை வயதில் போய்விட்ட உன் அக்கா கலா காய்ச்சலில் போகவில்லை. அவளுக்கும் இதேதான்.

அவள் வெளுத்துக்கொண்டே போனாள். வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. சத்துக் குறைவு என்று டானிக் கொடுத்தோம், மாந்தம் என்று மருந்து கொடுத்தோம். மதுரைக்குக் கொண்டுபோனபோது ரொம்பத் தாமதம். கொஞ்ச காலம் ரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள், பிறகு நெஞ்சு தாங்கவில்லை. அவளை எடுத்துக்கொண்டு வருகிற அன்று, அங்கே இருந்த டாக்டர் அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அடுத்த பிள்ளைக்கு முன்னாடி ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பாருங்க. வயித்துல இருக்கும்போதே பிள்ளைக்கு இருக்கா இல்லையான்னும் பாக்கலாம். தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லி, எங்கே போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் உன் அம்மாவிடம் காட்டவில்லை. என் மேஜையில் இருந்த அகராதிக்குள் வைத்தேன்.

மாமாவிடம் மட்டும் ஒருமுறை வாய் விட்டுப் பார்த்தேன். "சொந்தத்துல கட்டுனா பிள்ளைகளுக்கு நோவு வரும்ங்காக, மாமா" என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு, "ஏலே, ஏம் மகளக் கொறன்னு சொல்ல வாறியா? நாலு தலமுறையா சொந்தத்துலதான் எடுக்கோம், குடுக்கோம். எவனுக்கு என்ன வந்துச்சு?" என்றார். கலா போய் அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மாவுக்குக் கீழே இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள், ரத்தத்தில் குறை என்று ஊர் பேசினால் அவர்களுக்கு யார் வருவார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். ஆனால் அது உண்மைக் காரணம் இல்லை. ஊசி போட்டு எடுத்தால் குறை என் ரத்தத்திலும் இருக்கிறது என்று தெரிந்துவிடும், என் பிள்ளையை நானும் சேர்ந்துதான் கொன்றேன் என்று ஒரு காகிதம் சொல்லிவிடும். அதைப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை. அடுத்த வருடம் நீ பிறந்தாய். எட்டாம் மாதம் உன் உள்ளங்கை வெளுத்தபோது எனக்கு எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டது.

உன்னிடம் காய்ச்சல் என்று சொன்னது நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. "அக்கா இதுலதான் போனான்னு தெரிஞ்சா பிள்ள பயந்துருவான்த்தான்" என்றாள் உன் அம்மா. அதில் அவள் மேல் தப்பு இல்லை. சீட்டை மறைத்தது நான் மட்டும். அதைப் போன வாரம் வரைக்கும் அவளுக்கே சொல்லவில்லை. உன் படிவத்தில் அந்த "இல்லை"யைப் பார்த்த பிறகு இனி முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்தாள், நறுக்கினாள், தாளித்தாள், எனக்குச் சோறு போட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அவன்ட்ட நீங்களே சொல்லுங்கத்தான். நான் சொன்னா ஒங்களக் காப்பாத்துற மாதிரிதான் சொல்லுவேன்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னைத் திட்டியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே அந்தக் கட்டத்தில் "இல்லை" என்பதை அடித்துவிட்டு, "ஆம், அக்கா, நாலரை வயதில் இறந்தாள்" என்று எழுது. உன்னை வெட்டித் தைக்கப் போகிறவர்களுக்கு உன்னைப் பற்றி ஒரு பொய்கூடப் போகக் கூடாது. உனக்குச் சம்மதம் என்றால் இந்தக் கடிதத்தை நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் படிக்கட்டும். மாமா வீட்டில் இன்றைக்கும் முறை சொல்லிக்கொண்டு காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டுங்கள், கட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைதான், கையை நீட்டினால் முடிந்தது. அதற்குப் பயந்து ஒருவன் என்ன செய்தான் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ திங்கட்கிழமை தனியாகப் போகிறேன் என்றாலும் நான் பின்னால் வருவேன். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வெளியே உட்கார்ந்திருப்பேன், அதற்கு உன் அனுமதி வேண்டியதில்லை. கோபத்தில் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.

இன்னும் ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அந்தச் சீட்டில் இருந்தபடி நான் அன்றைக்குச் செய்திருந்தால், வயிற்றிலேயே உன்னைப் பார்த்திருப்பார்கள். இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு நாங்கள் என்ன முடிவெடுத்திருப்போம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கலாவைப் புதைத்த கை ஈரம் அப்போது காயவில்லை. நீ இருந்திருக்க மாட்டாய் அய்யா. என் மூக்கை வைத்துக்கொண்டு என்னை மக்கு என்று சொல்லிச் சிரிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நான் செய்த பெரிய தப்பையும் எனக்குக் கிடைத்த பெரிய நல்லதையும் எப்படிப் பிரிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீ பட்ட ஒவ்வொரு ஊசிக்கும், உன்னிடம் மறைத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பிறந்ததற்கு மட்டும் கேட்க மாட்டேன்.

இனி நீ கேட்ட வார்த்தை. எனக்குப் பயம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. இந்த நிமிடமும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. ஆனால் ஒருமுறை என் பயத்தின் பேச்சைக் கேட்டு ஒரு முடிவெடுத்தேன், அதைச் சுமந்தது நீ. இந்த முறை அதனிடம் நான் கேட்கப் போவதில்லை. நீ படித்தவன், எல்லாப் பக்கத்தையும் பார்த்திருக்கிறாய், உன் உடம்பு உன்னுடையது. இந்த வரியில் முதலில் "போ" என்று எழுதினேன். நம் வீட்டில் யாரும் யாரையும் அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை. அடித்துவிட்டேன்.

போயிட்டு வாய்யா.

அப்பா